சைடு வீல் வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன்: பல வருடம் பைக் ஓட்டியவர்களுக்கு

வண்டியே ஓட்டிப் பழகாத ஒருவருக்கு, கால் பலம் குறைந்தவர்களுக்காகப் பின்னால் இரு பக்கமும் சக்கரம் பொருத்திய சைடு வீல் ஸ்கூட்டர் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பல வருடம் பைக் ஓட்டியவருக்குத்தான் சிரமம். "நான் ஓட்டாத வண்டியா" என்று ஏறி உட்கார்ந்தவர்கள் முதல் திருப்பத்திலேயே எதிர்ப்பக்கச் சுவரை நோக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. கைக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை இந்த வண்டிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். விபத்துக்குப் பிறகு இடது கால் பலம் குறைந்ததால் நானும் பைக்கை விட்டு இதற்கு மாறியவன். சேலத்தில் வாங்குபவர்களுக்கும், ஏற்காட்டில் இருந்துகொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எந்த மூன்று சக்கரம்?

வீடியோவில் பார்க்கும் வெளிநாட்டு வண்டிகளையும் நம் ஊர் வண்டியையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஒரே கால் பிரேக் மூன்று சக்கரங்களையும் பிடிக்கும். ஹார்லி டிரை கிளைடுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. 2018இல் வந்த யமஹா நிக்கனில் மூன்று சக்கரம் இருந்தாலும் அது பைக் போலவே சாயும். அதனால் நிக்கனை ஓட்டுபவர் சொல்லும் யோசனை ஸ்பைடருக்கே உதவாது, நம் வண்டிக்கு எங்கே உதவப் போகிறது? பைக்குக்கு ஒரு பக்கம் சக்கரத்தோடு இருக்கை மாட்டிய பழைய சைடுகார் கணக்கும் தனி. நம் மோட்டார் வாகனச் சட்டம் கழற்றி மாட்டக்கூடிய சைடுகார் வைத்த பைக்கையும் மோட்டார் சைக்கிள் என்றே சொல்கிறது.

நம் தெருக்களில் ஓடுவது பெரும்பாலும் சாதாரண ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் சின்னச் சக்கரம் பொருத்திய வண்டி. எண்ணினால் நான்கு சக்கரம் வரும், ஆனாலும் எல்லோரும் மூணு வீல் வண்டி என்றுதான் சொல்வார்கள். இன்னொரு வகையில் நடுச் சக்கரத்தை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு அச்சு போட்டு இரண்டு சக்கரம் மாட்டியிருப்பார்கள். இந்த வகையாக இருந்தால் அச்சில் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நெருக்கமான திருப்பத்தில் வண்டி திரும்ப மறுத்து நேராகவே தள்ளும்.

காகிதம்

பைக் லைசென்ஸ் மட்டும் போதாது. சட்டத்தில் இதற்குத் தனி வகுப்பு உண்டு. முன்பு 'இன்வேலிட் கேரியேஜ்' என்றிருந்ததை 2019 திருத்தத்தில் 'அடாப்டட் வெஹிக்கிள்', அதாவது மாற்றியமைத்த வண்டி, என்று மாற்றினார்கள். ஆகவே லைசென்ஸில் அது ஏறும்வரை ஓட்டிப் பார்ப்பதைப் பொதுச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்.எல்.ஆர். போட்டிருந்தால் அதன் விதிப்படி சாலையில் பழகலாம். விற்பவரிடம் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி, சக்கரம் பொருத்திய மாற்றம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். மாற்றியமைத்த வண்டி அந்த மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதால், தம்பியைக் கடைக்கு அனுப்ப அது ஆகாது.

கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்கிறது. தகுதி விதிகள் உண்டு. கைக்காசைப் போட்டு வாங்குவதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

இடமும் நேரமும்

ஐந்து ரோடு, பழைய பஸ் ஸ்டாண்ட், செவ்வாய்ப்பேட்டை பக்கம் எல்லாம் முதல் நாள் வேண்டவே வேண்டாம். சேலத்தைச் சுற்றிலும் மனை பிரித்து, ரோடு போட்டு, இன்னும் வீடு வராத லே-அவுட்டுகள் நிறைய இருக்கின்றன. கன்னங்குறிச்சி பக்கமோ கொண்டலாம்பட்டி பக்கமோ தெரிந்தவர் மனை இருந்தால் அங்கே கேட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். ஹெல்மெட்டும், கணுக்காலை மூடும் ஷூவும் வேண்டும். ஷூ எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

கடைக்காரர் "இப்படியே தெருவில் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு ரவுண்டில் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பயம் மட்டும் ஏறும். வண்டியை லே-அவுட்டுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள்.

ஏறும் முன் பார்க்க வேண்டியது

சைடு வீலை வண்டியின் ஃபிரேமோடு இணைக்கும் போல்ட் ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை வைத்து அசைத்துப் பாருங்கள். வெல்டிங் வைத்த இடங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். இரண்டு பக்கச் சக்கரத்திலும் காற்று ஒரே அளவா என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்றில் குறைந்திருந்தாலும் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், நீங்கள் வண்டியே சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

அடுத்தது உயரம். சமதரையில் எஞ்சினை அணைத்துவிட்டு நீங்கள் ஏறி உட்காருங்கள், கூட வந்தவர் நடுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். லேசாகச் சுற்றினால் சைடு வீல்கள் அளவுக்கு மேல் இறங்கியிருக்கின்றன, உங்கள் எடை முழுவதும் அவற்றின் மேல் நிற்கிறது. வண்டியை ஓட்டுவதும், பெரும்பாலான வண்டிகளில் பின் பிரேக் பிடிப்பதும் நடுச் சக்கரம்தான். அதன் மேல் எடை இல்லையென்றால் ஓடவும் ஓடாது, நிற்கவும் நிற்காது. மாறாகச் சைடு வீல் உயரமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டையுமே அங்கேயே சரி செய்யச் சொல்லலாம்.

ஒரு பாட்டில் தண்ணீரை ரோட்டில் அகலமாக ஊற்றி, அதன் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். காய்ந்த தாரில் மூன்று ஈரத் தடம் விழும். பக்கத் தடம் இரண்டும் நடுத் தடத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எதுவும் இழுபட்டு அகலமாக விழக்கூடாது. அப்படி விழுந்தால் அந்தச் சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது, டயர் சீக்கிரம் தேயும். வண்டி எவ்வளவு அகலம் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். ஹேண்டில்பார் நுழைந்தால் வண்டி நுழைந்துவிடும் என்பது பைக் கணக்கு. இங்கே பின்பக்கம்தான் அகலம், அது நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் தெரிவதில்லை.

நேராக ஓட்டுவது

முதலில் நேராக, நடை வேகத்தில் போங்கள். ஹேண்டில்பார் தானாக இடப்பக்கம் இழுப்பது போல் இருக்கும். பழுது இல்லை. மழைநீர் வடிய ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போட்டிருப்பார்கள். பைக் அந்தச் சரிவைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து போகும்; இது ரோடு சாய்ந்தால் கூடவே சாயும். ரோட்டின் நடுவில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், இழுப்பு குறைந்துவிடும். நடுவிலும் அதே அளவு இழுத்தால்தான் சக்கரக் கோணம் சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்து கால். வண்டி வேகம் குறையும்போது பைக்காரரின் கால் தானாகக் கீழே இறங்கும். அதை முதல் நாளே நிறுத்த வேண்டும். காலுக்குச் சற்றுப் பின்னாலேயே பக்கச் சக்கரம் வந்துகொண்டிருக்கிறது. உருளும்போது கீழே வைத்த கால் பின்னால் இழுபட்டு அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். ஷூ போடச் சொன்னது இதற்காகத்தான். நின்றாலும் கால் பலகையிலேயே இருக்கட்டும், வண்டி விழாது. நிறுத்துவது, கிளப்புவது, நிறுத்துவது என்று இதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கால் இறங்க நினைப்பது எப்போது நிற்கிறதோ அப்போது திருப்பத்துக்குப் போகலாம்.

திருப்பம்

இதுதான் முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

ஓரளவு வேகத்தில் பைக்கை இடப்பக்கம் திருப்ப என்ன செய்கிறோம் என்று கேட்டால், எல்லோரும் "உடம்பைச் சாய்ப்போம்" என்பார்கள். கூடவே நமக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது. இடது கை இடது பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறது. முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் ஒடிகிறது, அதனால் பைக் இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பிறகு இடப்பக்கம் திரும்புகிறது. பல வருடமாக இதைச் செய்து செய்து கைக்கு ஊறிப் போயிருக்கும்.

சைடு வீல் வண்டி சாயாது. இடது பிடியை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் வலப்பக்கம் ஒடியும், வண்டி வலப்பக்கமே போகும். நாம் இடப்பக்கம் போக நினைத்துச் சாய்ந்திருக்கிறோம்; வண்டி எதிர்ப்பக்கம் போகிறது; பதறிப்போய் இன்னும் பலமாகத் தள்ளுகிறோம்; இன்னும் அதிகமாக வலப்பக்கம் போகிறது. சுவரில் மோதுவது இப்படித்தான். வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்குச் சொன்னதை அது செய்தது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "அண்ணா, சாய்க்காதீங்க, திருப்புங்க." இடப்பக்கம் போக இடது பிடியைத் தன்பக்கம் இழுத்து, வலது பிடியைத் தள்ள வேண்டும். வலப்பக்கம் போக நேர்மாறு. வண்டி நிற்கும்போதே ஹேண்டில்பாரை இப்படி ஒடித்து ஒடித்துப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் இன்னும் நல்லது: "இடப்பக்கம், இடது இழு." கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் இரண்டு செங்கல்லைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். நடை வேகம் போதும். இந்த வேகத்தில் பைக்கும் ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் ஓடும் என்பதால் கை ஏமாறாது, நன்றாகவே வரும். அந்தத் தைரியத்தில் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். கை பழைய வித்தையை எடுப்பது 15, 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான். அதனால் எட்டு நன்றாக வந்த பிறகு, அகலமான வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் பழக வேண்டும். மனம் வேறெங்கோ போகும்போதும் கை சரியாகத் திருப்புகிறதா என்று பாருங்கள். கூட வந்தவரைத் திடீரென்று "இடது", "வலது" என்று கத்தச் சொன்னால் தெரிந்துவிடும்.

வலப்பக்கம் முழுதாக ஒடிக்கும்போது வலது பிடி வயிற்றுக்குப் பக்கத்தில் வரும். மணிக்கட்டு மடங்கி ஆக்சிலரேட்டர் தானாகத் திறந்துகொள்ளும். நெருக்கமான வலப்பக்கத் திருப்பத்துக்கு முன் முழங்கையைச் சற்று உயர்த்திப் பிடித்தால் இது நடக்காது.

வண்டி சாயாது என்றேன், ஆனால் உங்கள் உடம்பு சாயலாம், சாயவும் வேண்டும். திருப்பத்தில் உடம்பு வெளிப்பக்கம் தூக்கி எறியப்படுவது போல் இருக்கும். பைக்கில் இந்த உணர்வே வந்திருக்காது. மார்பை உள்பக்கம் கொண்டுபோனால் உள்சக்கரத்தின் மேல் எடை விழுந்து அது தரையில் நிற்கும். வேகம் கூடினால் உள்சக்கரம் லேசாகும், அப்புறம் தூக்கும். தூக்குவது தெரிந்தால் ஹேண்டில்பாரை மெல்ல நேராக்கி, ஆக்சிலரேட்டரைக் குறையுங்கள். அந்த நேரத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதுதான் கவிழ்க்கும். முன்னால் ஒரே சக்கரம் இருக்கும் வண்டியில் பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பகுதி அந்த ஒற்றைச் சக்கரத்துக்கு ஓடிவிடும், பின்னால் வண்டியைத் தாங்கப் போதிய எடை இருக்காது. ஆகவே பிரேக் எல்லாம் திருப்பத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பள்ளமும் வேகத்தடையும்

பைக்கில் பள்ளத்தை ஒதுக்க ஒரு கோடு கிடைத்தால் போதும். இதற்கு மூன்று கோடு வேண்டும், நம் தெருக்களில் அது கிடைக்காது. எதாவது ஒரு சக்கரம் இறங்கத்தான் செய்யும். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில்பார் வெட்டும். ஒரு சின்னப் பள்ளத்தில் வேண்டுமென்றே இடது சக்கரத்தை மெதுவாக இறக்கி, அந்த வெட்டு எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள்.

வேகத்தடை ஓரத்தில் தண்ணீர் போக ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். பைக்காரர்கள் எல்லோரும் அதில்தான் நுழைவார்கள், நீங்களும் இத்தனை வருடம் நுழைந்திருப்பீர்கள். இனி அது ஆகாது. ஒரு பக்கச் சக்கரம் இடைவெளியில் இறங்க, மற்றது மேட்டில் ஏற, வண்டி ஒருக்களித்துவிடும். நேராக, குறுக்கே, இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி போங்கள். பக்கச் சக்கரம் இரண்டும் மேட்டில் நின்று நடுச் சக்கரம் பள்ளத்தில் தொங்கினால், எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டாம், ஒரு கை தள்ளினால் போதும்.

நிறுத்துவது, பின்னால் எடுப்பது

வாங்குபவர்கள் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். ரிவர்ஸ் இருக்கிறதா? பல பெட்ரோல் ஸ்கூட்டர்களில் இல்லை. காலால் உந்திப் பின்னால் எடுக்க முடியாதவர், முகம் சரிவில் கீழே பார்த்தபடி வண்டியை நிறுத்திவிட்டால் யாராவது வந்து இழுத்தால்தான் உண்டு. உங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். சந்தில் முன்னால் நுழைந்தால் திருப்ப இடம் உண்டா? இல்லையென்றால் ரிவர்ஸ் உள்ள வண்டியையே கேளுங்கள்.

நிறுத்தும்போது பிரேக் லீவரைப் பூட்டிவைக்கும் கிளிப் வேண்டும். ஸ்கூட்டருக்குக் கியர் கிடையாது, அணைத்தாலும் சரிவில் உருண்டுவிடும். லேசான சரிவில் நிறுத்தி, பூட்டிவிட்டு, கூட வந்தவரைத் தள்ளச் சொல்லிப் பாருங்கள்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால்

சேலத்துக்குள் மட்டும் ஓட்டுபவர் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். மலையில் இருப்பவருக்கு உண்மையான சோதனையே இங்கேதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டிப் பார்ப்பதற்காக முழு மலையும் ஏற வேண்டாம். லைசென்ஸ் வேலை முடிந்து, ஊருக்குள் கை நன்றாகப் பழகிய பிறகு, கூட்டம் இல்லாத வார நாள் காலையில் முதல் இரண்டு மூன்று வளைவு ஏறி, அகலமான இடத்தில் திரும்பி இறங்கினால் போதும். மழை நாளும் பனிமூட்ட நாளும் ஆகாது.

ஏறும்போது எடை பின்னால் போகும், முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில்பார் பிடிப்பில்லாதது போல் தோன்றும். இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். இடப்பக்கக் கொண்டை ஊசியில் உள்ளோரம்தான் செங்குத்து. பைக்கில் அந்த ஓரத்தை ஒட்டியே வெட்டித் திரும்பியிருப்பீர்கள். இந்த வண்டியை அங்கே கொண்டுபோனால் திணறும், ஒரு பக்கம் சாயவும் சாயும். நம் பாதிக்குள்ளேயே சற்று வெளியே தள்ளி எடுங்கள். மேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழி விட்டுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது விதி. ஆனாலும் அந்த வளைவு முழுவதும் பஸ்ஸுக்கே சரியாக இருக்கும்.

இறங்குவதில்தான் கவனம் வேண்டும். கியர் பைக்கில் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடியில் இறங்கிப் பழகியிருப்போம். ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடி வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கிளட்ச் விட்டுவிடும், அதன் பிறகு நியூட்ரலில் உருளுவது போலத்தான். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சைடு வீல் கிட்டின் கூடுதல் எடையும் உண்டு, அந்தச் சக்கரங்களில் பெரும்பாலும் பிரேக் இல்லை. லீவரை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிரம் சூடாகிப் பிடி குறையும். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போவதும் கருகல் வாடையும் அதற்கு அடையாளம். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடித்து என்று இறங்க வேண்டும். வாடை வந்தால் அகலமான ஓரத்தில் நிறுத்தி, கை வைக்கும் சூடு வரும்வரை உட்காருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருளும் பழக்கம் மலையில் பலருக்கு உண்டு. இந்த வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வளைவில் குரங்குகள் குறுக்கே வரும். பைக்கில் சட்டென்று வளைத்து ஒதுங்குவோமே, அது இதில் வராது. வேகம் குறைவாக இருந்தால்தான் நிற்க முடியும்.

வாங்க முடிவு செய்தால்

தனியாக ஓட்டிப் பார்த்தது போதாது. வழக்கமாக யாரை, எதை ஏற்றுவீர்களோ அந்தப் பாரத்தோடு இன்னொரு முறை எட்டும் பிரேக்கும் போட்டுப் பாருங்கள். மனைவி பின்னால் உட்கார்ந்தால் அவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்: திருப்பத்தில் உள்பக்கம் சாயட்டும், நின்றாலும் காலைக் கீழே வைக்க வேண்டாம். சைடு வீல் டயரும் டியூபும் சேலத்துக் கடைகளில் கிடைக்கும் அளவுதானா, பஞ்சர் ஆனால் சக்கரத்தைத் தனியாகக் கழற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் வாரத்தில் புதுப் போல்ட்கள் தளரக்கூடும். அந்த வாரக் கடைசியில் கடைக்கே கொண்டுபோய் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கித் தர வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.